200 பக்க சீ.ஆர். கொப்பி: ஒரு தாதியின் இரண்டரை வருடப் பாவனை

200 பக்கம், ஒற்றைக் கோடு, சீ.ஆர். கொப்பி: தடித்த அட்டை போட்ட பெரிய எழுதும் புத்தகம். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படித்தவர்களுக்கும் கந்தோரில் பதிவு எழுதியவர்களுக்கும் இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நான் இதில் ஒரு நாவல் எழுதினேன். முதலாவது கொப்பியை 2022 ஏப்ரலில் வாங்கினேன். 2024 நவம்பரில், மழை அடித்துப் பெய்த ஒரு பின்னேரம், நான்காவது கொப்பியின் கடைசிப் பக்கங்களில் கதை முடிந்தது. இடையில் மடிக்கணினி, கைப்பேசி, டயறி, தனித்தாள் எல்லாவற்றிலும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி இதற்குத்தான் வந்தேன். வேலையையும் விடாமல் நாவலையும் விடாமல் இருக்க நினைக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கொப்பியின் அருமையைச் சொல்ல முடியாது. நான் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதிய உத்தியோகத்தர். நோயாளிகள் கூப்பிடுவது மிஸி. பதினான்கு வருட சேவை. மோர்னிங் என்றால் காலை 7 மணியிலிருந்து 1 மணி வரை, ஈவினிங் என்றால் 1 மணியிலிருந்து இரவு 7 வரை, நைட் என்றால் இரவு 7 மணிக்குப் போய் விடிய 7 மணிக்கு இறங்குவது. இதற்கு மேலே ஓ.ரி. என்கிற மேலதிக நேர வேலையும் உண்டு. டியூட்டி அட்டவணையான றோஸ்ரர் கிழமைக்குக் கிழமை மாறும். தினமும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஐந்து மணிக்கு நான் சில நாள் வீட்டில் இடியப்பம் பிழிந்துகொண்டு இருப்பேன், சில நாள் வாட்டில் பிறஷர் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு ஒரே ஐந்து மணி என்று ஒன்று கிடையாது.

பத்து வருடம் நேரம் இல்லை, நேரம் இல்லை என்றே சொல்லிக்கொண்டு இருந்தேன். அது பொய்யும் இல்லை. ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் எனக்குக் கிடைத்ததே இல்லை. பிறகு ஒரு கிழமை, றோஸ்ரரின் பின்பக்கத்தில், சும்மா நின்ற நேரங்களைக் குறித்துப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றது பதினைந்து நிமிடம். வாட்டுக்கு நேரத்தோடு போய், முந்தின டியூட்டிக்காரரிடம் ரிப்போர்ட் எடுக்கும்வரை இருந்தது இருபது நிமிடம். நைட்டில் ஆளுக்கு ஆள் மாறி இளைப்பாறும் நேரத்தில் என் முறைக்கு வந்தது முக்கால் மணித்தியாலம், அதில் பாதி நித்திரைக்குப் போய்விடும். சனிக்கிழமை மகனை ரியூசனில் விட்டுவிட்டு மதிலோரம் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது ஒரு மணித்தியாலம், அதிலும் அரைவாசி மற்ற அம்மாமாருடன் கதை. எல்லாம் துணுக்குத் துணுக்காக இருந்தது. கூட்டிப் பார்த்தால் கிழமைக்கு மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்தது. எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை.

பதினைந்து நிமிடத் துணுக்கில் பத்து நிமிடம் ஆயத்தத்துக்கே போய்விட்டால் மிச்சம் ஐந்து. ஆகவே எழுதும் சாமானை நான் ஒரே ஒரு விசயத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: பையில் கை வைத்த நேரத்திலிருந்து முதலாவது சொல் விழும்வரை எவ்வளவு செல்கிறது?

மடிக்கணினியில் எனக்கு ஏழு நிமிடம் சென்றது. நான் மணிக்கூடு பார்த்துத்தான் சொல்கிறேன். திறந்து, அது உயிர்வந்து, கோப்பைத் தேடி, தமிழுக்கு மாற்றி, எங்கே விட்டேன் என்று மேலும் கீழும் உருட்டி. அதற்குள் மகன் வந்து பக்கத்தில் குந்திவிடுவான். கைப்பேசி கெதியாகத் திறக்கும். ஆனால் திறந்த உடனேயே வாட் குழுவில் யாரோ டியூட்டி மாற்றிக் கேட்ட செய்தி நிற்கும். அதைப் பார்க்காமல் விடும் மனம் எனக்கு இல்லை, பார்த்துவிட்டால் பிறகு நாவலில் இருக்கும் மனம் இல்லை. சீ.ஆர். கொப்பியில் பேனையை உள்ளே வைத்தே மூடுவேன். பிரித்தால் விட்ட இடம். மிஞ்சினால் ஐந்து செக்கன்.

தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மடிக்கணினியின் பற்றரி ஏற்கனவே செத்துப்போய், வயர் செருகினால்தான் வேலை செய்யும் நிலை. கைப்பேசிச் சார்ஜை அவசரத்துக்கென்று பிடித்து வைத்திருந்தோம். பின்னேரம் வீட்டு விறாந்தையில் மண்ணெண்ணெய் விளக்கும் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். ஆறு மணி வெளிச்சத்தில் சும்மா குந்தியிருந்தபோது, மகனுக்கென்று வாங்கி வைத்த கொப்பிக் கட்டில் ஒன்றை இழுத்தேன். அந்த மாதம்தான் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடச் சோதனையையே பிற்போட்டார்கள். கடதாசி அப்படிக் கிடைக்காத நேரத்தில் ஒரு முழுக் கொப்பியை நாவலுக்கென்று எடுக்க எனக்குக் கை நடுங்கியது. மகனிடம் கேட்டுத்தான் எடுத்தேன். அது 80 பக்க அப்பியாசக் கொப்பி. மூன்று கிழமையில் அட்டை மடங்கி, நடுத்தாள் கழன்றுவிட்டது. அதன்பிறகுதான் பட்டினத்துக்குப் போய் சீ.ஆர். வாங்கினேன்.

இனிக் கொப்பிக்கு வருவோம்.

சீ.ஆர். கொப்பியின் பக்கம் சாதாரண அப்பியாசக் கொப்பியை விடப் பெரியது. என் கையெழுத்தில் ஒரு வரிக்கு ஆறு, ஏழு சொல். ஒரு பக்கம் நிறைந்தால் 190 சொல்லுக்குக் கிட்ட வருகிறது. நான் வலப்பக்கத்தில் மட்டும்தான் எழுதுவேன். இடப்பக்கத்தை வெறுமையாக விடுவேன். அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை.

‘ஏன் பிள்ளை மற்றப் பக்கத்தை விட்டு வைக்கிறாய்? அது வீண்தானே?’

‘திருத்திறதுக்கு அப்பா. நாளைக்கு ஏதும் ஞாபகம் வந்தா அதில எழுதுவன்.’

‘நாங்கள் அந்தக் காலத்தில ஓரத்தில எழுதினாங்கள்.’

அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஆனால் ஒரு மாதம் கழித்து வாங்கிப் பார்த்தபோது இடப்பக்கங்கள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. பஸ்ஸில் வரும்போது தோன்றும் ஒரு வசனம், ஒரு கிழவி பேசிய சொல், இரண்டாம் தரம் வாசிக்கும்போது எழும் கேள்வி எல்லாம் அங்கேதான் போகும். வலப்பக்கம் கதை, இடப்பக்கம் கதையைப் பற்றிய கதை. மடிக்கணினியில் திருத்தினால் பழையது அழிந்துவிடும். இங்கே வெட்டிய சொல் வெட்டியபடியே கிடக்கும். மூன்று இடத்தில் நான் வெட்டியதையே திரும்ப எடுத்திருக்கிறேன்.

கணக்குப் பார்த்தால், ஒரு கொப்பியில் எழுதுவதற்கு நூறு வலப்பக்கம். கடைசிப் பக்கங்களை வேறு தேவைக்கு விட்டாலும் 17,000 சொல் தாராளமாகப் பிடிக்கும். நான்கு கொப்பி ஒரு நாவலுக்குப் போதும். கிழமைக்கு மூன்று பக்கம், சில கிழமை ஐந்து, டெங்குக் காலத்தில் ஒன்றுமே இல்லை. மாரியில் வாட் நிரம்பி நிலத்திலும் பாய் போடும்போது யாருக்கு நாவல் ஞாபகம் வரும்? அந்த இரண்டு மாதமும் கொப்பி பைக்குள் அப்படியே கிடந்தது. திரும்பப் பிரித்தபோது அது என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2023 இல் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த வடிவான டயறியில் எழுதிப் பார்த்தேன். தடித்த அட்டை, நல்ல கடதாசி, நாடா எல்லாம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் திகதி. நைட் இரண்டு, அடுத்த நாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் மகனுக்குக் காய்ச்சல் என்றால் நான்கு வெறும் பக்கம் திகதியோடு நிற்கும். எழுதாத நாளைத் திகதி போட்டுக் காட்டும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் எழுத முடியவில்லை. பெப்ரவரியோடு அதை வீட்டுச் செலவுக் கணக்குக்குக் கொடுத்துவிட்டேன். நேரம் ஒழுங்கில்லாத வேலை செய்பவர்கள் திகதி போட்ட எதையும் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. எல்லா சீ.ஆர். கொப்பியும் ஒன்றல்ல. சிலது நூலால் தைத்தது, சிலது முதுகில் பசை மட்டும். வெளியில் பார்த்தால் தெரியாது. இரண்டாவது கொப்பியை அவசரத்தில் வாங்கினேன். அது பசைக் கொப்பி. சோளகக் காற்றுக் காலத்து வெக்கையில், பையில் தண்ணீர்ப் போத்தலுக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடையில் நசிந்து, முதுகு வெடித்து, 40 ஆம் பக்கத்திலிருந்து தாள்கள் கையோடு வந்தன. வாட்டில் பாவிக்கும் பிளாஸ்ரரால் முதுகை ஒட்டித்தான் அந்தக் கொப்பியை முடித்தேன். அது இன்றுவரை பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆனால் புத்தகம் போல விரியாது. கையால் அமத்திப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது வாங்கப் போனபோது பஸ் நிலையத்துக்குக் கிட்டவுள்ள கடைக்கார அண்ணை எனக்குக் காட்டித் தந்தார். கொப்பியை மேசையில் நிமிர்த்தி, மேலிருந்து முதுகைப் பார்க்கச் சொன்னார். தைத்த கொப்பி என்றால் தாள்கள் சிறு சிறு கட்டாக, வளைவு வளைவாகத் தெரியும். பசைக் கொப்பி என்றால் ஒரே தட்டையாக இருக்கும். பிறகு ஒரு கட்டின் நடுவைப் பிரித்துக் காட்டினார், வெள்ளை நூல் தெரிந்தது.

‘இதைப் பாத்து எடுங்கோ பிள்ளை. பத்து வருசம் கிடக்கும்,’ என்றார். பிறகு, ‘என்ன, வாட்டுக்கோ?’

‘இல்லை அண்ணை, கதை எழுதுறன்.’

எனக்குத் தெரியாத ஒரு மனிதரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. கட்டுக்குள் கைவிட்டு, மேலே இருந்ததை விட்டுவிட்டு, அடியில் மூலை மடங்காமல் இருந்த ஒன்றை எடுத்துத் தூசி தட்டித் தந்தார்.

பேனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலையில் இது தனிச் சிக்கல். நான் பாவித்தது சாதாரண நீலக் குமிழ்முனைப் பேனை. எழுத்து நல்லாக ஓடும், கடதாசியின் மறுபக்கம் ஊறாது, மழை ஈரத்தில் கலங்காது. ஆனால் கைக்குப் பூசும் ஸ்பிரிட் இருக்கிறதே, அது பட்டால் குமிழ்முனை மை கரைந்துவிடும். ஒரு நோயாளியிடமிருந்து மற்ற நோயாளியிடம் போகும்போதெல்லாம் கையில் பூசுகிறோம். நாளொன்றுக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை. முதல் கொப்பியின் 23 ஆம் பக்கத்தில் என் வலக்கைச் சின்னவிரல் பட்ட இடமெல்லாம் நீலப் புகை மாதிரி இழுபட்டிருக்கிறது. மூன்று வரி போய்விட்டது. எழுத்தின் மேல் இன்னும் காயாத கையை வைத்ததுதான் பிழை. இப்போது ஸ்பிரிட் பூசினால் கை முழுக்கக் காய்ந்து, தேய்த்தால் ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொப்பியைத் தொடுவேன். கைக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசியும் வைப்பேன். ஆஸ்பத்திரியில், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் இதை முதலே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு விசயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். டியூட்டி நேரத்தில் நான் கொப்பியைப் பிரிப்பதில்லை. இளைப்பாறும் முறை வந்தால்தான். என் நோயாளிகளின் கதையையும் நான் எழுதுவதில்லை. அவர்கள் என்னை நம்பிச் சொல்வது மருந்துக்காகச் சொல்வது. என் நாவலில் வருவது எழுபதுகளின் கடைசியில் நெடுந்தீவிலிருந்து பிரசவத்துக்குப் பட்டினம் புறப்படும் ஒருத்தியின் ஒரே ஒரு நாள். அம்மாவின் ஊர் நெடுந்தீவு. கல்வேலியும் குதிரையும் காற்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்கு வள்ளம் ஒரு மணித்தியாலம் ஓடும். வயிற்றுநோ தொடங்கிய ஒருத்திக்கு அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்று என் தொழில் எனக்குச் சொல்லித் தந்தது. வேலை நாவலைத் தின்றது என்று நான் சொல்ல மாட்டேன். வேலை இல்லாவிட்டால் இந்த நாவலில் ஒரு பிரசவமும் ஒழுங்காக நடந்திராது. யாழ்ப்பாணத்தில் இது புதிதும் இல்லை. நந்தி என்ற பெயரில் எழுதிய பேராசிரியர் சிவஞானசுந்தரம் டொக்டராக இருந்தவர். செங்கை ஆழியான் நிர்வாக சேவையில் இருந்துகொண்டே எழுதினார். எங்கள் நாவல்களில் பெரும்பாலானவற்றை வேலைக்குப் போய் வந்த மனிதர்கள்தான் எழுதினார்கள்.

துணுக்கு நேரத்தில் எழுதும்போது பெரிய சிக்கல் நிறுத்துவது அல்ல, திரும்பத் தொடங்குவது. கொப்பி எனக்கு ஒரு பழக்கம் பழக்கியது. நேரம் முடிந்தால் வசனத்தைப் பாதியில் விட்டுவிடுவேன். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழும்பினால் அடுத்த நாள் வெறுங்கையோடு தொடங்க வேண்டும். ‘பறுவதம் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி’ என்று விட்டுவிட்டு வந்தால், அடுத்த நாள் பேனையை எடுத்ததும் அவள் கை விளிம்பிலேயே இருக்கும். சில நாள் இரவு முழுக்க, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவள் கை அங்கேயே இருந்தது. மடிக்கணினியில் ஏன் இது எனக்கு வரவில்லை என்று தெரியவில்லை. திரையில் பாதி வசனத்தைப் பார்த்தால் பிழை மாதிரித் தெரிகிறது. கொப்பியில் பார்த்தால் யாரோ கூப்பிட எழும்பிப் போனது மாதிரி இருக்கிறது.

கடைசிப் பத்துப் பக்கத்தைப் பின்னாலிருந்து எழுதுவேன். அது பதிவேடு. யாருக்கு என்ன வயது, யார் யாருக்கு மச்சான், வள்ளம் எத்தனை மணிக்கு, எந்த வீட்டில் நாய் இருக்கிறது. வாட்டில் நோயாளியின் விபரம் எழுதிய ரிக்கற்றைப் பார்க்காமல் மருந்து கொடுப்போமா? அது மாதிரித்தான். ஆனால் கொப்பியின் ஆகப் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. தேட முடியாது. முதலாம் கொப்பியில் வள்ளக்காரருக்கு இடக்கையில் ஒரு விரல் இல்லை என்று எழுதிவிட்டு, மூன்றாம் கொப்பியில் அவர் அதே இடக்கையின் ஐந்து விரலாலும் கயிறு முடிகிறார். பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, விரல் இல்லை. தட்டச்சுச் செய்யும்போதுதான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து உடம்பில் உள்ள குறையையும் பதிவேட்டில் எழுதுகிறேன்.

அடுத்த குறை, தொலையும். 2023 ஜூனில் மோர்னிங் முடிந்து வரும்போது மினிபஸ்ஸில் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தபோது எனக்கு மூச்சு அடைத்தது. எட்டு மாத வேலை. நல்ல காலம், முதல் பக்கத்தில் பெயரும் கைப்பேசி இலக்கமும் எழுதியிருந்தேன். இரண்டாம் நாள் கொண்டக்டர் தம்பி கைப்பேசிக்கு எடுத்தார். சந்தியில் நின்று வாங்கினேன். காசு கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, ‘அக்கா, அந்த வள்ளம் பிறகு வந்ததோ?’ என்று கேட்டார். வந்ததா இல்லையா என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. வரும் என்றுதான் சொன்னேன். நாவலை அதுவரை வாசித்த ஒரே மனிதர் அவர். வள்ளம் வராத முடிவு ஒன்றும் அதுவரை என் மனதில் இருந்தது. அதை அந்தச் சந்தியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறேன். பக்கத்துக்கு மூன்று செக்கன். இதை அக்கறையோடு செய்யச் சொல்வது அப்பா. அவருக்குக் காரணம் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து போரால் எல்லோரும் வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. அப்பா சைக்கிளில் அரிசிப் பையையும் என்னையும் ஏற்றினார். அவருடைய அலுமாரியில் ஆறு சீ.ஆர். கொப்பி இருந்தன. சனசமூக நிலைய ஆண்டு விழாக்களுக்கு அவர் எழுதிய நாடகங்கள். 1996 இல் திரும்பி வந்தபோது அலுமாரி நின்றது, உள்ளே கறையான் மண் மட்டும். தாளின் ஓரம்கூட இல்லை. அப்பா அந்த மண்ணைக் கையால் கிளறிப் பார்த்துக்கொண்டு இருந்ததை நான் கண்டேன். அதன்பிறகு அவர் நாடகம் எழுதவில்லை. நூலகமே எரிந்த ஊர் இது, 1981 இல் 97,000 புத்தகங்கள் ஒரே இரவில் போயின. கடதாசியை மட்டும் நம்பாதே என்பதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே என் சிபாரிசு கொப்பி மட்டும் அல்ல, கொப்பியும் படமும் சேர்ந்ததுதான். படங்களை வவுனியாவில் இருக்கும் தங்கச்சிக்கும் அனுப்பி வைக்கிறேன்.

பூச்சிக்கு அப்பாவின் வைத்தியம் காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும். இராமபாணப் பூச்சி இதுவரை கிட்ட வரவில்லை. கொப்பிகள் குசினிக்குத் தூரமான அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. ஈரச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது.

தட்டச்சுச் செய்வது தனி வேலை. கொப்பியில் எழுதுகிறவர்கள் இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும், இதை மறைக்கக்கூடாது. நான் முதலில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன், ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. இப்போது கைப்பேசியின் குரல் தட்டச்சை வைத்துக்கொண்டு கொப்பியைச் சத்தமாக வாசிக்கிறேன். எழுத்துத் தமிழில் உள்ள பகுதிகள் ஓரளவு ஒழுங்காக விழுகின்றன. ஆட்கள் கதைக்கும் இடம் வந்தால் எல்லாம் குழம்பும். ‘வரேல்லையோ’ என்றால் அது வேறு என்னவோ எழுதும். அந்த வரிகளைக் கையால் அடிக்கிறேன். ஆனால் இதில் எனக்கு ஒரு பெரிய நன்மை கிடைத்தது. சத்தமாக வாசிக்கும்போது நா தடக்கும் இடமெல்லாம் வசனம் சரியில்லாத இடம். கண்ணால் நான்கு தரம் வாசித்தும் பிடிபடாத பிழையை வாய் ஒரே தரத்தில் பிடித்துவிடுகிறது. என் கணவர் கிளிநொச்சியில் படிப்பிக்கிறார், விடிய ஐந்தே முக்காலுக்கு பஸ் எடுப்பார். நான் ஈவினிங் போகும் நாளில் மகனும் பள்ளிக்கூடம் போனபிறகு, வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். நான் குசினி வாசலில் இருந்து வாசிப்பேன். அப்பா விறாந்தையில் பேப்பரை விரித்தபடி இருப்பார். பேப்பர்த் தாள் திரும்பும் சத்தம் கேட்காது.

யாருக்கு இது சரிவராது? கை நோகிறவர்களுக்கு, கெதியாக ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு, அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றி மாற்றி எழுதுகிறவர்களுக்கு. கொப்பி ஒரு திசையில்தான் போகும். ஒரு முழு மணித்தியாலம் கதவைப் பூட்டிவிட்டு இருக்கக்கூடியவர்களுக்கு மடிக்கணினியே நல்லது, தட்டச்சு வேலை மிச்சம். எனக்குக் கிடைத்தது துணுக்கு நேரம். துணுக்கு நேரத்துக்கு இதைவிட நல்ல சாமான் நான் காணவில்லை.

160 பக்கமும் கிடைக்கும், ஆனால் 200 தான் வாங்குங்கள். அந்த மேலதிக நாற்பது பக்கம் பையில் பாரமாகத் தெரியாது, பதிவேட்டுக்கு இடம் தரும். பள்ளிக்கூடம் தொடங்கும் காலத்தில் கடைகளில் புதுச் சரக்கு வரும், அப்போது தைத்ததைத் தேடி எடுக்கலாம்.

இப்போது மூன்றாம் கொப்பி தட்டச்சில் இருக்கிறது, 61 ஆம் பக்கம். வள்ளம் குறிகட்டுவான் துறைக்குக் கிட்ட வந்துவிட்டது. ஐந்தாவது கொப்பியும் போன கிழமை வாங்கி வந்தேன், எதற்கென்று இன்னும் தெரியாது. மேசையில் வைத்துவிட்டு நைட்டுக்குப் போனேன். விடிய வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வேப்பிலை இணுக்கு. முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் என் பெயரும் கைப்பேசி இலக்கமும்.